சிந்து எழுத்தை எண்ணியவர்கள்

சிந்து எழுத்து ஆய்வில் பல துறையினர் கூடி உழைக்கும் வழக்கம் 1960களில் வேர்பிடித்தது. அதற்கு முன் நடந்தவை பெரும்பாலும் தனியாட்களின் முயற்சிகள். 1934இல் நூல் வெளியிட்ட ஜி. ஆர். ஹண்டர், குறிகளைக் கையாலேயே வகைப்படுத்தி அடுக்கினார். முத்திரைகளில் உள்ள குறித்தொடர் ஒன்றில் சராசரியாக ஐந்து குறிகளே இருக்கும். இருமொழிப் பொறிப்பு ஒன்றும் கிடைத்ததில்லை. ஆகவே எந்தக் குறி எதை அடுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதே எஞ்சிய வழி.

லெனின்கிராடில் யூரி குனோரோசவின் குழு கணிப்பொறித் துணையுடன் செய்த ஆய்வு 1965இல் வெளிவந்தது. பின்லாந்தில் இந்தியவியலாளர் அஸ்கோ பர்ப்போலா, அசிரியவியல் அறிந்த தம்பி சிமோ, கணிப்பொறி வல்லுநரான பால்ய நண்பர் செப்போ கோஸ்கென்னியெமி ஆகிய மூவரும் சேர்ந்தனர். இரு குழுக்களும் தனித்தனியே திராவிட மொழிக் கருதுகோளை வந்தடைந்தன. ஆனால் எழுத்தை வாசித்துவிட்டதாகப் பின்லாந்துக் குழு 1969இல் அறிவித்தது அவசரம். எண்ணிக்கை கணிப்பொறி தந்தது. வாசிப்போ மனிதர்களின் ஊகம். அந்த வாசிப்பை அறிஞர்கள் ஏற்கவில்லை. 1973இல் அதே குழு வெளியிட்ட தொடரடைவுதான், அதாவது ஒவ்வொரு குறியும் வரும் இடங்களைத் தொகுத்த அட்டவணைதான், பயன்பட்டது.

எண்ணிக்கைக்கும் வாசிப்புக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நன்கு பேணியவர் ஐராவதம் மகாதேவன். ஆட்சிப் பணி அதிகாரியான அவர், 1970இல் கிடைத்த நேரு ஆய்வு நல்கையைக் கொண்டு பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனக் கணிப்பொறியில் தொடரடைவை உருவாக்கினார். ஒரு கோடு கூடினால் அது வேறு குறியா, அதே குறியின் மாற்று வடிவமா என்பதைப் பொறி சொல்லாது. எழுத்தியல் கண்ணே தீர்மானிக்க வேண்டும். அப்படித் தீர்மானித்த 417 குறிகளுக்கும் எண் இட்டார். எண்ணாக மாறிய பிறகு, சிந்து வரலாறு அறியாத கணிதவியலாளரும் அவற்றைக் கையாள முடிந்தது. இந்தியத் தொல்லியல் துறை 1977இல் அந்தத் தொடரடைவை வெளியிட்டது.

தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி எதிர்த்திசையிலிருந்து, கணக்கிலிருந்து எழுத்தியலுக்கு வந்தவர். தமிழ்ப் பழைய எழுத்துகளைத் தாமே கற்ற அவர், சிந்துத் தொடர்களைச் சிறு அலகுகளாகப் பிரிக்கும் கணக்கு முறைகளை அப்துல் ஹக்குடன் வகுத்தார்.

இக்குறிகள் மொழியையே குறிப்பவை அல்ல என்று 2004இல் ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்செல் ஆகியோர் வாதிட்டனர். குறிவரிசையின் ஒழுங்கு மொழிகளுக்கு நெருங்கியது என்று 2009இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை மறுத்தது. கணினி அறிவியலாளர் ராஜேஷ் ராவ், வானியற்பியலாளர் மயங்க் வாஹியா முதலியோருடன் மகாதேவனும் அதை எழுதினார். எழுத்து இன்னும் வாசிக்கப்படவில்லை, விவாதமும் ஓயவில்லை. 2009 கட்டுரையினர் கணக்கிட்டது மகாதேவனின் 1977 தொடரடைவின் தரவுகளை அடிப்படையாகக் கொண்டே.