மகேந்திரனா, பார்த்திவேந்திரனா? திருமலைச் சாமவை கல்வெட்டின் காலம்

திருமலைக் கோயிலில் நாள்தோறும் திருமஞ்சனமும் இரவில் ஏகாந்த சேவையும் கொண்டருளும் சிறிய வெள்ளித் திருமேனி போக ஸ்ரீநிவாசர். அதை அளித்தவர் காடவன் பெருந்தேவி எனப்பட்ட சாமவை. இதில் கருத்து வேறுபாடு இல்லை. கொடையின் காலத்தில்தான் சிக்கல். கி.பி. 614 என்று பல நூல்கள் எழுதுகின்றன. 966 என்று வேறு பல எழுதுகின்றன. இடைவெளி 352 ஆண்டுகள். 10ஆம் நூற்றாண்டே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திருமலை-திருப்பதிக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை, பெரும்பாலானவை தமிழ். அவற்றுள் காலக்குறிப்பு இருவகையாக வருகிறது. கிருஷ்ணதேவராயரின் முதல் வருகைக் கல்வெட்டு சக ஆண்டு 1434, ஆங்கீரச வருடம் என்கிறது. ஆங்கீரசம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். சக ஆண்டு திரும்பாது. ஒன்றை மற்றொன்று சரிபார்ப்பதால் 1513 பிப்ரவரி 10 என்று நாளையே குறிக்க முடிகிறது. நடு அமெரிக்க மாயர் கல்வெட்டுகளிலும் இதே நிலைதான். 260 நாள் கணக்கும் 365 நாள் கணக்கும் இணைந்த சுற்று 52 ஆண்டில் மீண்டும் வரும். தொடக்க நாளிலிருந்து இடையறாது எண்ணும் நீள் கணக்கு உடனிருந்தால்தான் காலம் உறுதிப்படும். அந்தக் கணக்கை நம் நாட்காட்டியோடு பொருத்தியது சரியா என்பதை, மாயர் நகரான திக்காலில் உள்ள கோயிலின் மர உத்தரத்தைக் கதிர்க்கரிமச் சோதனைக்கு உட்படுத்தியும் பார்த்தார்கள்.

சாமவையின் கொடையைக் கூறும் கல்வெட்டுக்கு இத்துணைகள் எவையும் இல்லை. கல்லும் வெள்ளியும் கதிர்க்கரிமச் சோதனைக்கு உதவா. இருப்பது ஓர் அரசன் பெயரும் '14ஆவது' என்ற ஆட்சியாண்டும் மட்டுமே. எழுத்தமைதியும் கைகொடுக்காது; ஏனெனில் 13ஆம் நூற்றாண்டில், யாதவராயர் காலத் திருப்பணியின்போது, பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்து மீண்டும் வெட்டினார்கள். சுவரில் நாம் காண்பது அத்தகைய படி. அதன் எழுத்து, வெட்டியவர் காலத்தைக் காட்டுமே தவிரக் கொடுத்தவர் காலத்தைக் காட்டாது.

எனவே பெயரே சான்று. படியில் உள்ள வாசகம் 'கோப்பாத்ர மகேந்திர பன்மர்'. இதில் 'மகேந்திர' என்பதை மட்டும் எடுத்து, பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் 600 வாக்கில் பட்டமேறினான் என்று கொண்டு, 14ஐக் கூட்டினால் 614 கிடைக்கும். ஆனால் 'பாத்ர' என்னும் அசைகள் பொருளின்றி எஞ்சுகின்றன. மகேந்திரவர்மன் காலத்துச் செங்கம் நடுகற்களோ 'கோவிசைய மயீந்திர பருமற்கு' என்று எழுதுகின்றன. அந்த வழக்கு இங்கே இல்லை. மாறாக, தொண்டைநாட்டில் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் பல, கோப்பார்த்திவேந்திர பன்மர் என்ற அரசனைக் கூறுகின்றன. 'பார்த்தி' என்பது 'பாத்ர' ஆகவும், 'வேந்திர' என்பது 'மகேந்திர' ஆகவும் திரிந்ததாகக் கொண்டால் ஓர் அசையும் வீணாவதில்லை. தேய்ந்த கல்லைப் படித்த எழுத்தர், மக்கள் மறந்த ஒரு பெயரின் இடத்தில் தமக்குத் தெரிந்த பெயரை எழுதியிருக்க வேண்டும்.

பல்லவர் ஆட்சி 9ஆம் நூற்றாண்டின் இறுதியோடு முடிந்திருக்க, 10ஆம் நூற்றாண்டில் பல்லவ அரசி ஏது என்று கேட்கலாம். ஆட்சி போனாலும் காடவன் என்னும் பல்லவக் குலப்பெயர் போகவில்லை. 13ஆம் நூற்றாண்டுக் கோப்பெருஞ்சிங்கனும் காடவனே. சாமவை, பேரரசியாக இல்லாமல் அக்குலத்துக் குறுநிலத் தலைவர் ஒருவரின் தேவியாக இருந்திருப்பதில் தடையில்லை.

காலம் பின்தள்ளப்படுவதால் கோயிலின் தொன்மை குறையாது. பல்லவன் தந்திவர்மனின் 51ஆம் ஆட்சியாண்டுத் திருச்சானூர்க் கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இப்பகுதியில் வழிபாடு செழித்ததைக் காட்டுகிறது. 614 என்ற எண்ணைக் கைவிடுவதால் இழப்பு ஏதுமில்லை. சாமவையை அவர் வாழ்ந்த காலத்திலேயே வைத்து அறியும் வாய்ப்புத்தான் கிடைக்கிறது.

பதிப்பாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். படிக் கல்வெட்டின் பிழைகளைத் திருத்தி அச்சிட வேண்டாம். 'பாத்ர' என்ற பிழையை யாரேனும் நல்லெண்ணத்தோடு நீக்கியிருந்தால், பார்த்திவேந்திரனுக்குப் போகும் வழியே அடைபட்டிருக்கும்.