டாவோஸுக்குத் துணையாக வந்தவர்கள்

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் பேத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் சூரிச்சில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளைக்குப் பாரிஸில் வேலை. பத்து நாள் லீவு எடுத்துக்கொண்டு அவர் அவளைப் பார்க்க வர, இருவருமாகப் பனிச்சறுக்குக்குப் போயிருக்கிறார்கள். தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றதில் யார் பேத்தி, யார் மாப்பிள்ளை என்றே தெரியவில்லை. கீழே ஒரு வரி: "தாத்தா, டாவோஸ் வந்திருக்கோம். இந்த ஊர்ல என்ன விசேஷம்?"

சொல்ல ஆரம்பித்தால் அவள் பாதியில் விட்டுவிடுவாள். உங்களுக்குப் பொறுமை அதிகம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

டாவோஸ் என்றதும் இன்றைக்கு எல்லாருக்கும் பணக்காரர்கள் கூடும் பொருளாதார மாநாடுதான் ஞாபகம் வரும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, தாமஸ் மன் எழுதிய 'மாய மலை' நாவலை 'லா மோந்தாஞ் மஜிக்' என்று பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்த நாளிலிருந்து, அது காசநோய்க்காரர்களின் ஊர். உண்மையும் அதுதான். விளையாட்டு அங்கே நோய்க்குப் பின்னால் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் பலர் நோயாளிக்குத் துணையாக வந்து, பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தவர்கள்.

டாவோஸ் சுமார் 1,560 மீட்டர் உயரத்திலுள்ள ஒரு பள்ளத்தாக்கு. 1848-49 புரட்சியில் கலந்துகொண்டு ஜெர்மனியிலிருந்து தப்பி ஓடிவந்த சட்ட மாணவர் அலெக்சாண்டர் ஷ்பெங்லர், சூரிச்சில் மருத்துவம் படித்து, 1853-ல் இந்த ஊருக்கு வைத்தியராக வந்தார். உள்ளூர்க்காரர்களிடம் காசநோயே அநேகமாக இல்லை என்பதைக் கவனித்தார். சளி பிடித்தால்கூடக் குளிர்காற்று ஆகாது என்று ஜன்னலை அடைத்த காலம் அது. 1865 குளிர்காலத்தில் இரண்டு ஜெர்மன் நோயாளிகள் துணிந்து அந்தப் பனியில் வந்து இறங்கினார்கள்; உடம்பும் தேறியது. செய்தி பரவியது.

அடுத்து வந்தவர்தான் ஊரை மாற்றியவர். வில்லெம் யான் ஹோல்ஸ்போர் என்ற டச்சுக்காரர், முதலில் கப்பல் வேலை, பிறகு லண்டனில் வங்கி வேலை. 1867-ல் நோயாளியான இளம் மனைவியை அழைத்துக்கொண்டு டாவோஸ் வந்தார். அந்த அம்மாள் அதே வருஷம் இறந்துபோனார். வேறொருவராக இருந்தால் அந்த ஊர் இருக்கும் திசையில்கூடத் திரும்பியிருக்க மாட்டார். இவர் அங்கேயே தங்கி, ஷ்பெங்லரோடு சேர்ந்து மறு வருஷமே ஒரு சிகிச்சை விடுதி கட்டினார். நோயாளிகள் குதிரைவண்டியில் குலுங்கிக்கொண்டு வருவதைப் பார்த்து ரயில் பாதைக்கு அலைந்தார். 1890-ல் ரயில் டாவோஸுக்கு வந்து சேர்ந்தது. என் பேத்தி போனதும் அந்தப் பாதையில்தான்.

நோயாளிகள் பால்கனியில் கம்பளி போர்த்திக்கொண்டு மணிக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும். அதுதான் சிகிச்சை. உடன் வந்தவர்கள் என்ன செய்வார்கள்? ஏரியில் சறுக்கினார்கள், சறுக்குவண்டி ஓட்டினார்கள். 1883-ல் பந்தயமே நடந்தது.

1893-ல் வந்தார் ஆர்தர் கானன் டாயில். அவர் மனைவி லூயிசாவுக்குக் காசநோய். இவரே ஒரு டாக்டர்; ஆனாலும் நோயைக் கண்டு சொன்னவர் வேறொரு டாக்டர். சில மாதங்கள்தான் என்று கெடு வைத்துவிட்டார்கள். அந்த டிசம்பரில்தான் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்ற கதை வெளியாகி, இங்கிலாந்து வாசகர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். இவரோ மலையில் ஸ்கீ கட்டைகளோடு மல்லாடிக்கொண்டிருந்தார்.

அங்கே பிராங்கர் என்று இரண்டு சகோதரர்கள். ஒருவர் டோபியாஸ், சேணம் தைக்கிறவர். 1889 பாரிஸ் கண்காட்சியில் ஸ்கீயைப் பார்த்து ஆசைப்பட்டவர் என்று சொல்வார்கள். ஊரார் சிரிப்பார்களே என்று இருட்டிய பிறகுதான் பழகினார்களாம். 1894 மார்ச் 23-ம் தேதி விடியுமுன்னே டாயில் இவர்களோடு கிளம்பி, ஒரு கணவாயைத் தாண்டி, பகலுக்குள் அரோசா போய்ச் சேர்ந்துவிட்டார். செங்குத்தான ஓரிடத்தில் கட்டைகளைச் சேர்த்துக் கட்டி வண்டிபோல் உட்கார்ந்து இறங்கப் பார்த்தார்கள். டாயிலின் கட்டைகள் மட்டும் அவரை விட்டுவிட்டு முன்னால் ஓடிவிட்டன! மனிதர் கால்சட்டையைத் தேய்த்துக்கொண்டே கீழே வந்து சேர்ந்தார். அந்தத் துணி கிழியவே கிழியாது என்ற தையற்காரரை அவர் பிறகு எழுத்தில் கிண்டல் செய்தார். விடுதிப் பதிவேட்டில் டோபியாஸ் இவருக்காக எழுதிய தொழில்: 'விளையாட்டு வீரர்'. அந்த வருஷ டிசம்பரில் ஸ்டிராண்ட் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதி, ஒருநாள் ஆங்கிலேயர் நூற்றுக்கணக்கில் ஸ்கீக்காக சுவிட்சர்லாந்து வருவார்கள் என்றார். வந்தார்கள். 1934 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் டாவோஸில் ஸ்கீக்காரர்களை மேலே இழுத்துப்போகும் விசைக்கயிறும் ஓடத் தொடங்கியது.

கெடு வைக்கப்பட்ட லூயிசா 1906 வரை இருந்தார். நடுவில் டாயிலுக்கு வேறொரு பெண்மேல் மனம் போய், 1907-ல் அவரை மணந்துகொண்டது தனிக் கதை. லூயிசா பால்கனியில் படுத்தபடி என்ன நினைத்தார் என்பதற்கு எந்தப் பத்திரிகையும் இடம் கொடுக்கவில்லை.

தாமஸ் மன் கதையும் இதே வகை. 1912-ல் மனைவி காத்யா டாவோஸ் சானடோரியத்தில் இருந்தார். மன் மே மாதம் பார்க்க வந்து நான்கு வாரம் தங்கினார். அங்கிருந்த டாக்டர் இவர் நெஞ்சையும் தட்டிப் பார்த்து, நீங்களும் ஆறு மாதம் தங்குங்கள் என்றாராம். இவர் கம்பி நீட்டிவிட்டார். ஊருக்குப் போய் எழுத உட்கார்ந்த சின்னக் கதை பன்னிரண்டு வருஷம் வளர்ந்து 1924-ல் நாவலாக வெளிவந்தது. அதில் மூன்று வாரம் பார்க்க வந்தவன் ஏழு வருஷம் இருந்துவிடுகிறான். காத்யா அம்மாளோ 1980 வரை, 96 வயது வாழ்ந்தார்.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததும் அந்த மலைக்கட்டடங்கள் மெல்லக் காலியாயின. பல ஹோட்டல்களாகிவிட்டன. 1900-ல் திறந்த ஷாட்ஸ்ஆல்ப் சானடோரியமும் இன்று ஹோட்டல்தான்.

ஆனால் சானடோரியத்தில் படுத்தால்தான் குணமாகும் என்ற நம்பிக்கைக்குக் கடைசி அடி விழுந்தது சென்னையில். 1956-ல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம், நல்ல சாப்பாடு, ஓய்வு. மறு பாதி சொந்த வீட்டில், நெரிசலில், இருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டு. மாத்திரை இரு பக்கமும் ஒன்றே. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் குணமானவர்களின் விகிதம் ஏறக்குறைய சமம். வீட்டிலிருந்தவர்களுக்குத் தொற்றும் அபாயமும் அதனால் கூடவில்லை. 1959-ல் முடிவு அச்சானது. ஏழை நாடுகளில் காசநோய் வைத்தியமே அதற்குப் பிறகு மாறியது.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. என் அம்மாவை சென்னைப் பக்கம் ஒரு சானடோரியத்தில் சேர்த்தது 1958-ல். அந்த ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்த அதே சமயம். பதினொரு மாதம் இருந்தாள். அப்பா மாதத்தில் ஒரு ஞாயிறு ஆரஞ்சுப்பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போவார். ஒரே ஒரு முறை என்னைக் கூட்டிப்போனார். சிறுவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. வேப்பமரத்தடியில் நின்று, தூரத்து வராந்தாவில் கையசைத்த வெள்ளைப் புடவைகளில் எது அம்மா என்று தேடினேன். அப்பா பார்வை நேரம் முடிந்தபிறகும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, எழுதத் தெரியாத நோயாளிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மா குணமாகித்தான் வந்தாள். ஆனால் போகும்போது ஒன்றரை வயதாயிருந்த என் தங்கை, வந்தவளைப் பார்த்து அத்தை முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். ரொம்ப நாள் அத்தையைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். அதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பேத்திக்கு இரண்டே வரி அனுப்பினேன்: "ஷாட்ஸ்ஆல்ப்புக்கு மலை ரயிலில் போய் அந்த பால்கனிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். காதை மூடிக்கொள்." கட்டை விரல் படம் ஒன்று பதிலாக வந்தது.