சிவப்புப் பாசி

கண்டாச்சிபுரம், திண்டிவனம் பக்கத்துத் திருவிழாக்களில் நரிக்குறவர் விரிக்கும் கடைகளில் சிவப்புப் பாசி, கருப்புப் பாசி, வெள்ளைப் பாசி என்று கேட்டு வாங்குகிறோம். பாசி என்ற சொல்லோ பச்சையைக் குறித்தது. பசுமை, பச்சை, பாசி எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. குளத்தில் படர்வது பாசி. பச்சைநிறப் பயறு பாசிப்பயறு. அந்த வழியில் பார்த்தால் பாசிமணியும் முதலில் பச்சை மணியாகத்தான் இருந்திருக்க வேண்டும். பிறகு 'மணி' உதிர்ந்து, நிறப்பெயரே பொருட்பெயராக நின்றிருக்கும். எள்ளின் நெய்யான எண்ணெய், வேப்பெண்ணெய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும் பொதுவானது போன்ற விரிவு இது.

பச்சை ஏன் முந்திக்கொண்டது? பாசிமணி கண்ணாடியால் ஆனது; கண்ணாடி செய்யும் மணலில் கலந்திருக்கும் இரும்பே அதற்கு இளம்பச்சை தந்துவிடும். செம்பு சேர்த்தால் பச்சையும் நீலப்பச்சையும் ஆழப்படும்.

கண்ணாடி மணி செய்யும் கைத்தொழிலின் பழைய களம் விழுப்புரத்துக்குக் கிழக்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லியும் அங்கே அகழ்ந்தார்கள். அங்கு செய்தவை போன்ற சிறு மணிகள் கிழக்கு ஆப்பிரிக்கா முதல் கொரியா வரை கிடைப்பதால், மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் அவற்றை 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்றார். உருகிய கண்ணாடியைத் துளையோடு நீண்ட குழலாக இழுத்து, நறுக்கி, சாம்பலோடு மறுபடி சூடாக்கி முனை மழுக்குவது அவற்றைச் செய்த முறை. ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் அதே முறை நம் காலம்வரை வாழ்ந்தது. வாரணாசிக் கைவினைஞர்கள் செய்வது வேறு வகை: கண்ணாடிக் கம்பியைத் தீச்சுடரில் இளக்கி, உலோகக் கம்பியில் சுற்றி, மணியை ஒவ்வொன்றாக உருவாக்குவார்கள்.

சொல்லளவில் 'சிவப்புப் பாசி' முரணாகத் தோன்றும். உலையில் அந்த முரண் இல்லை. காற்றோட்டமுள்ள தீயில் பச்சை தரும் அதே செம்பு, காற்றை அடக்கிய தீயில் செங்கல் சிவப்பைத் தரும். அரிக்கமேட்டின் பழுப்புச் சிவப்பு மணிகளின் நிறம் அப்படி வந்ததுதான். பச்சையின் பெயரைச் சிவப்புக்கும் உரியதாக்கியது தீயை ஆளத் தெரிந்த கைகள்.

இன்று பிளாஸ்டிக் மணியையும் பாசி என்கிறோம். இந்த விரிவுக்குப் பின்னால் உலை இல்லை; கண்ணாடி என்ற பொருள் மறைந்துபோகவும் கூடும். அகழ்வுக் காட்சிக்கூடங்களில் 'கண்ணாடி மணி' என்று எழுதும் இடத்தில் 'பாசி' என்றும் சேர்த்து எழுத வேண்டும். திருவிழாவில் பாசி வாங்கும் பிள்ளைக்கு அந்த ஒரு சொல் போதும், இது தன் ஊர்ப்பக்கத்துத் தொழில் என்று தெரிந்துகொள்ள.