பிரேக்கில் கரையும் பெட்ரோல்

சமதளமான சாலையில் சைக்கிளில் செல்லும்போது நீங்கள் ஓயாமல் மிதித்துக்கொண்டே இருப்பதில்லை. சிறிது தூரம் மிதிக்கிறீர்கள். பிறகு கால்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, சைக்கிளைத் தானாக ஓட விடுகிறீர்கள். எதிரே கூட்டம் தெரிந்தால், பிரேக் பிடிக்கும் இடம் வரை மிதித்துச் செல்வதில்லை, முன்கூட்டியே நிறுத்திவிடுகிறீர்கள். உழைத்தது நம் கால் அல்லவா? அதை வீணாக்க மனம் வராது. காரில் ஏறியதும் இந்தப் பாடம் மறந்துபோகிறது. அங்கே உழைப்பது எஞ்சின்தானே!

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைப்ரிட் காரின் வரலாறு, இந்தப் பாடத்தை எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்த வரலாறு எனலாம். எந்திரம் கற்றுக்கொண்ட பின்பும், அதை ஓட்டிய மனிதர்கள் அதைவிட அதிகமாகச் சேமித்துக் காட்டினார்கள். அது எப்படி என்று பார்ப்போம்.

இரண்டு வகை இழப்பு

1,300 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார் மணிக்கு 72 கி.மீ., அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். நிறையின் பாதியை வேகத்தின் இருபடியால் பெருக்கினால், அதன் இயக்க ஆற்றல் 2,60,000 ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம் ஜூல் வெப்பம் கிடைக்கும். அதில் கால் பங்கு மட்டுமே சக்கரத்தை எட்டுவதாகக் கொண்டால், நமக்குப் பயன்படுவது 80 லட்சம் ஜூல். ஆகவே அந்தக் காரை ஒருமுறை பிரேக் பிடித்து நிறுத்தும்போது, சுமார் 32 மில்லிலிட்டர் பெட்ரோல் பிரேக் கட்டைகளின் சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. இப்படி முப்பது முறை நிறுத்தினால் ஏறக்குறைய ஒரு லிட்டர்!

இரண்டாவது இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. அதே கார் சமதளத்தில் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் சீராக ஓட, ஐந்து குதிரைத் திறன் இருந்தாலே போதும். மேடேறவும் விரைந்து வேகமெடுக்கவும் வேண்டியே எழுபது, எண்பது குதிரைத் திறனுள்ள எஞ்சினைப் பொருத்துகிறார்கள். பெரிய எஞ்சின் சிறு சுமையில் ஓடும்போது, காற்றை உள்ளிழுப்பதிலும் உறுப்புகளின் உராய்விலும் பெட்ரோலில் பெரும் பகுதி கழிந்துவிடுகிறது. கல்யாண வீட்டு அடுப்பை மூட்டி ஒரு குவளை காப்பி போடுவது போன்றது இது.

பந்தயத்தில் பிறந்த உத்தி

1939ஆம் ஆண்டு, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வுட் ரிவர் என்னும் ஊரில் இருந்த ஷெல் எண்ணெய்க் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தின் அறிவியலாளர்கள், தங்களுக்குள் ஒரு பந்தயம் வைத்துக்கொண்டார்கள். ஒரு கேலன் பெட்ரோலில் யாருடைய கார் அதிக தூரம் ஓடும்? வென்றவர் ஏறத்தாழ 50 மைல், அதாவது லிட்டருக்கு 21 கி.மீ. ஓட்டினார். இந்தப் பந்தயம் பல ஆண்டுகள் நடந்தது. 1973இல், முற்றிலும் மாற்றியமைக்கப்பட்ட 1959ஆம் ஆண்டு ஓபெல் கார் ஒன்று கேலனுக்கு 376 மைல், அதாவது லிட்டருக்கு 160 கி.மீ. ஓடியது. போட்டியாளர்கள் கையாண்ட உத்தி சைக்கிள்காரருடையதுதான்: எஞ்சினுக்கு நல்ல சுமை கொடுத்து வேகமெடுப்பது, பிறகு அதை அணைத்துவிட்டு, காரைத் தானாக உருள விடுவது.

பந்தயப் பாதையில் சரி. நகரச் சாலையில் இது நடக்குமா? எஞ்சினை அடிக்கடி அணைத்து எழுப்பும் வேலையை எந்திரமே செய்தால் நடக்கும்.

எந்திரம் கற்ற பாடம்

எஞ்சினையும் மின்மோட்டாரையும் ஒரே வண்டியில் இணைக்கும் எண்ணம் புதிதன்று. 1900ஆம் ஆண்டிலேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே, வியன்னாவின் லோனர் நிறுவனத்தில் அத்தகைய ஒரு காரைச் செய்துவிட்டார். பெட்ரோல் மலிவாகக் கிடைத்ததால் உலகம் அதை மறந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடி அந்த நினைவைத் திரும்பக் கொண்டுவந்தது. அமெரிக்கா 1974இல் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலாகக் கட்டுப்படுத்தியது. அச்சட்டம் 1995 வரை நீடித்தது. அந்த எழுபதுகளின் இறுதியில் அர்க்கான்சாஸ் மாநிலப் பொறியாளர் ஒருவர், தம் ஓபெல் காரில் புல்வெட்டும் எந்திரத்தின் சிறு எஞ்சினையும் மின்மோட்டாரையும் பாட்டரிகளையும் பொருத்தி, கேலனுக்கு 75 மைல் ஓட்டினார். ஐந்து குதிரைத் திறன் கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று!

ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் டகேஷி உச்சியமாடா தலைமையில் இயங்கிய குழுவுக்கு, எரிபொருள் சிக்கனத்தை இரு மடங்காக்க வேண்டும் என்ற இலக்கு தரப்பட்டது. அவர்கள் உருவாக்கிய பிரியஸ் கார் 1997 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. பிரேக் பிடிக்கும்போது அதன் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, இயக்க ஆற்றலில் ஒரு பகுதியைப் பாட்டரிக்கு அனுப்பும். குறைந்த சுமையில் எஞ்சின் தானே நின்றுவிடும். 1999இல் ஹோண்டா வெளியிட்ட இன்சைட் கார், இதே வழியோடு வேறொன்றையும் சேர்த்துக்கொண்டது: அலுமினிய உடல், காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவம், மூடப்பட்ட பின்சக்கரங்கள்.

மனிதன் மிஞ்சிய இடம்

பிரியஸ் காரின் முன்பலகைத் திரையில், ஆற்றல் எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதை அம்புக்குறிகள் காட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் திரை ஓட்டுநர்களுக்கு ஆசிரியராக அமைந்தது. பாட்டரியில் சேமிப்பதும் இலவசமன்று என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். ஜெனரேட்டர், பாட்டரி, மோட்டார் ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கு வீணாவதாகக் கொண்டால், 100 ஜூலில் 73 ஜூல்தான் சக்கரத்துக்குத் திரும்பும். ஓடும் காரின் வேகமாகவே அந்த ஆற்றலை வைத்திருந்தால் இந்த வரிகள் கட்ட வேண்டியதில்லை! எனவே எஞ்சினால் மணிக்கு 60 கி.மீ. வரை வேகமெடுத்து, பிறகு மிதியை மெல்லத் தளர்த்தி, அம்புக்குறி எதுவுமே தோன்றாத நிலையில் வண்டியை 50 கி.மீ. வேகம் வரை உருள விட்டார்கள். வுட் ரிவரின் உத்தியேதான். எஞ்சினை அணைக்கும் பொறுப்பு மட்டும் எந்திரத்துக்கு.

2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஐந்து பேர் மாறி மாறி ஒரு பிரியஸை ஓட்டி, ஒரே டாங்க் பெட்ரோலில் சுமார் 1,400 மைல் கடந்தார்கள். கேலனுக்கு 109 மைல். லிட்டருக்கு 46 கி.மீ. அரசின் திருத்திய அளவீட்டின்படி அந்தக் காருக்கு உரியது கேலனுக்கு 46 மைல்தான். இக்கலைக்கு வழங்கிய ‘ஹைப்பர்மைலிங்’ என்னும் பெயர், எண்ணெய் விலை உச்சத்தைத் தொட்ட 2008இல், ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதியின் அவ்வாண்டுச் சொல்லாயிற்று.

சிலர் காரையே மாற்றினார்கள். குளிர் நாடுகளில் முன்புறக் காற்றுத் துளைகளை ஓரளவு அடைத்தால் எஞ்சின் விரைவில் சூடேறும். காற்றுத் தடையும் குறையும். 2004இல் கலிபோர்னியாவின் கால்கார்ஸ் குழுவினர், பிரியஸில் கூடுதலாக ஈய அமிலப் பாட்டரிகளை ஏற்றி, வீட்டு மின்சாரத்தால் மின்னேற்றினார்கள். கேலனுக்கு நூறு மைலுக்கு மேல் ஓடியது. ஆனால் அந்தக் கணக்கில் பெட்ரோல் மட்டுமே உண்டு. மின்சாரத்தையும் செலவாக எழுதினால்தான் கணக்கு நேராகும். 2012இல் டொயோட்டாவே மின்னேற்றக்கூடிய பிரியஸை விற்கத் தொடங்கியது.

சிக்கனத்தின் எல்லை

எல்லா உத்திகளும் ஏற்கத்தக்கவை அல்ல. லாரிக்குப் பின்னால் ஒட்டிச் சென்றால் காற்றுத் தடை குறையும்; லாரி திடீரென நின்றால் உயிர் போகும். டயரில் அளவுக்கு மீறிக் காற்றடித்தால் உருளும் தடை குறையும்; சாலையைப் பற்றும் பிடிப்பும் குறையும். சாதாரணக் காரில் ஓட்டத்திலேயே எஞ்சினை அணைத்தால், பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும். மலைச் சரிவில் நியூட்ரலில் இறங்குவோர் ஒன்றை அறிய வேண்டும்: எரிபொருளை மின்னணு முறையில் செலுத்தும் இக்கால எஞ்சின்கள், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டவுடன் பெட்ரோலை நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் எஞ்சினை ஓடவைக்கப் பெட்ரோல் செலவாகும்!

ஆபத்தில்லாத வழிகள் எளியவை. தூரத்துச் சிவப்பு விளக்கைக் கண்டதும் மிதியிலிருந்து காலை எடுங்கள். டயரில் காற்று நிறுவனம் குறித்த அளவுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேகத்தை மணிக்கு 80 கி.மீ.இலிருந்து 100 ஆக உயர்த்தினால் காற்றுத் தடை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். இவற்றுக்கு ஹைப்ரிட் கார் தேவையில்லை. ஸ்கூட்டர் ஓட்டினாலும் பொருந்தும். பாட்டரி திருப்பித் தருவது, நாம் பிரேக்கில் செலவழித்ததில் ஒரு பகுதியை மட்டுமே. செலவழிக்காமல் விட்டதோ முழுவதும் நம்முடையது.