மருந்து வழங்கல் பிழையும் சட்டப் பொறுப்பும் (பிரித்தானியா)

மருந்து வழங்கல் பிழை என்பது, மருத்துவர் சரியாகவே எழுதிய சீட்டுக்கு மருந்தகத்தில் வேறு மருந்தோ வேறு அளவோ பிறர் பெயருக்குரிய பொதியோ கொடுக்கப்படுவதைக் குறிக்கும். மருத்துவரே தவறாக எழுதுவது இதில் அடங்காது. பிரித்தானியாவில் இப்பிழை நெடுங்காலம் குற்றமாகவே நடத்தப்பட்டது. 1968ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 64ஆம் பிரிவு, கேட்ட தன்மையோ தரமோ இல்லாத மருந்தை வாங்குபவருக்குப் பாதகமாக விற்பதைத் தடைசெய்து, அதற்குக் கண்டிப்புப் பொறுப்பை விதித்தது. அதாவது, தீய நோக்கமோ அலட்சியமோ மெய்ப்பிக்கப்படாவிடினும் பிழை நிகழ்ந்ததே தண்டனைக்குப் போதுமானதாக இருந்தது.

2007இல் இங்கிலாந்தில், மற்றொருவருக்குப் பதிலாகப் பணியாற்றிய மருந்தாளுநர் ஒருவர் பிரெட்னிசலோனுக்கு மாறாகப் புரோப்ரனலோலைக் கொடுத்துவிட்டார். முன்னது அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு. பின்னது இதயத் துடிப்பைக் குறைப்பது, மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியதாகையால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாதது. 2009இல் அவருக்கு 3 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு நிறுத்திவைக்கப்பட்டது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கி, 64ஆம் பிரிவின்கீழ் 300 பவுண்டு அபராதம் மட்டும் விதித்தது. மருந்தாளுநர்களிடையே பெரிதும் பேசப்பட்ட இவ்வழக்குக்குப் பின்னரும், 2014இல் வட அயர்லாந்தில் அதே இரு மருந்துகளே மாறிப்போயின. 2016இல் அங்கும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையே தீர்ப்பானது. பெயரின் அகரவரிசைப்படி மருந்துகளை அடுக்கும் அலமாரியில் இவ்விரண்டும் அருகருகே வரக்கூடியவை என்பதால், ஒருவரைத் தண்டிப்பது இக்குழப்பத்தின் காரணத்தைத் தொடவே இல்லை எனலாம். தவற்றைப் பதிவுசெய்தால் அதுவே தமக்கு எதிரான சான்றாகிவிடும் என்று அஞ்சுபவர் அதை மறைக்க முற்படுவது இயல்பு. அப்படி மறைக்கப்படும் பிழையிலிருந்து அடுத்த மருந்தகம் எதையும் கற்க இயலாது.

இந்நிலையை மாற்றவே 2018இல் புதிய ஆணை நடைமுறைக்கு வந்தது. அது குற்றத்தை நீக்கவில்லை. எதிர்வாதம் ஒன்றை மட்டும் அளித்தது. அதைப் பயன்படுத்த, பிழை பதிவுபெற்ற மருந்தகத்தில், பதிவுபெற்ற மருந்தாளுநராலோ அவரது மேற்பார்வையிலோ, தொழிலின் போக்கில் நிகழ்ந்திருக்க வேண்டும். தெரியவந்ததும் நோயாளிக்குத் தாமதமின்றி அறிவிக்க உரிய முயற்சி எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இறுதி நிபந்தனையே இவற்றுள் முதன்மையானது, ஏனெனில் ஒளிவின்மையை அதுவே பாதுகாப்பின் விலையாக்குகிறது. மருத்துவமனை மருந்தகங்களுக்கு இப்பாதுகாப்பு 2022இல்தான் விரிவாக்கப்பட்டது. திறமையைத் தகாத நோக்கத்துக்குப் பயன்படுத்தியதையோ, நோயாளியின் பாதுகாப்பை வேண்டுமென்றே புறக்கணித்ததையோ அரசுத் தரப்பு மெய்ப்பித்தால் எதிர்வாதம் செல்லாது. இழப்பீட்டு வழக்கும், பொது மருந்தாளுநர் மன்றத்தின் ஒழுங்கு விசாரணையும் முன்போலவே தொடர்கின்றன.