சிம்லா: அரசாங்கம் இறங்கிப் போன மாதங்கள்

"ஆங்கிலேயரின் கோடைத் தலைநகரம் சிம்லா" என்று தேர்வில் எழுதுகிறீர்கள். சரி, குளிர்காலத்தில் அந்த ஊர் என்ன ஆச்சு? இதை யாரும் கேட்பதில்லை.

புத்தாண்டுக் கூட்டம் கலைந்த ஜனவரியில் போய்ப் பாருங்க. சுமார் 2,200 மீட்டர் உயரம். பனி விழுந்தால் மால் சாலையில் நடப்பதே கஷ்டம். இதற்குப் பயந்துதான் அரசாங்கம் ஆண்டுதோறும் இறங்கி ஓடியது.

1864-இல் வைஸ்ராய் ஜான் லாரன்ஸ் காலத்தில் சிம்லா கோடைத் தலைநகரானது. வெயில் வந்தால் கல்கத்தாவிலிருந்து ஏறுவார்கள். குளிர் வந்தால் திரும்புவார்கள். கோப்பு, எழுத்தர், குடும்பம் எல்லாமே கூடப் போகும்! அடிவாரத்துக் கால்காவுக்கு ரயில் வந்ததே 1891-இல், சிம்லாவுக்கு 1903-இல். அதற்கு முன் மலைப்பாதையில் குதிரை வண்டியும் கூலியாட்களின் முதுகும்தான். "குளிர்ச்சியான காலநிலை" என்று ஒரே வரியில் காரணம் எழுதும்போது அந்த முதுகுகள் விடையில் வருவதே இல்லை.

1888-இல் முடிந்த பிரம்மாண்டமான வைஸ்ராய் மாளிகையும் கோடைக்கு மட்டும்தான். அதிகாரிகள் இறங்கிய பிறகு பனியோடு மலையில் இருந்தவர்கள் உள்ளூர் மக்கள்.

ஆசிரியர்களே, இந்தப் பாடத்தன்று கல்கத்தாவுக்கும் சிம்லாவுக்கும் உள்ள தூரத்தை மாணவர்களையே வரைபடத்தில் அளக்கச் சொல்லுங்கள். பிறகு அதை இரண்டால் பெருக்கச் சொல்லுங்கள்.