குடந்தைக் கடைவீதியும் சிராங்கூன் சாலையும்

தமிழகத்துத் திருத்தலங்களைப் பற்றி எழுதிய அறிஞர் பலரும் மன்னர்தம் திருப்பணிகளையும் கல்வெட்டுகளையும் விரித்துரைத்த அளவுக்கு, அத்தலங்களின் கடைவீதிகளைக் குறித்து உரைத்தாரிலர். தலயாத்திரை சென்றவர் வெறுங்கையோடு திரும்புவது நம்மவர் வழக்கமன்று. குங்குமச் சிமிழோ, குத்துவிளக்கோ, பட்டுப்புடவையோ ஏதேனும் ஒன்று அவரோடு வீடு வந்து சேரும். அப்பொருள் எவ்வூரில், எவர் கையால், எதன்பொருட்டுச் செய்யப்பட்டது என்று கேட்பின், அதுவே வரலாற்றாராய்ச்சியின் தொடக்கமாகும். அவ்வினாவுக்கு உண்மையான விடை கிடைக்காமையால் விளைந்த இடர்ப்பாடு ஒன்றினை நம் சிங்கப்பூரும் அறியும். அதனைக் கூறுமுன் கும்பகோணம் வரை சென்று வருதல் வேண்டும்.

குடந்தை எனப் புலவர் வழங்கும் கும்பகோணம், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகத்தால் பெயர்பெற்றது. 2016-இல் அவ்விழா நடைபெற்றது. அடுத்தது 2028-இல் வரும். தஞ்சை நாயக்கரின் அமைச்சராயிருந்த கோவிந்த தீட்சிதர் எடுப்பித்த பதினாறு மண்டபங்கள் அக்குளக்கரையில் இன்றும் நிற்கின்றன. மக்கள் கூடுமிடத்தில் வணிகமும் கூடுமன்றோ? கும்பேசுவரர் கோயிலுக்குள் செல்லும் நீண்ட மண்டபத்தின் இருமருங்கிலுமே நெடுங்காலம் கடைகள் இருந்தன. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வெண்கல வினைஞரும் செம்பு வினைஞரும் வாழ்ந்தமையை இளங்கோவடிகள் குறித்துள்ளார். அப்புகாருக்கு மேற்கே, அதே காவிரியின் கரையில் அத்தொழில் இன்றளவும் நடைபெறுகின்றது என்பது நம் மாணவர்க்கு எடுத்துச் சொல்லத்தக்க செய்தி.

குடந்தைக் கடைகளில் விற்பனவற்றுட் சிறந்தவை பல, அந்நகரைச் சூழ்ந்த சிற்றூர்களில் உருவானவை. பட்டு திருபுவனத்தது, குத்துவிளக்கு நாச்சியார்கோயிலது, செப்புத் திருமேனி சுவாமிமலையது. முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றாகிய சுவாமிமலையில் வாழும் தபதியர், தாராசுரம் கோயிற்பணியில் ஈடுபட்ட சிற்பிகளின் வழிவந்தோர் தாம் என்று கூறுவர். அக்கோயில் இரண்டாம் இராசராசன் காலத்தது. அஃதாவது 12-ஆம் நூற்றாண்டு.

அவர்தம் வேலைமுறையைச் சிறிது விரித்துரைத்தல் தகும். தென்னை ஓலைக் கீற்றொன்றைப் படிமத்தின் உயரத்துக்கு நறுக்கி, சிற்பநூல் கூறும் தாள அளவுப்படி மடித்துக்கொள்வர். மடிப்பின் தடங்களே முகம், மார்பு, இடை, கால் ஆகியவற்றின் எல்லைகள், அளவுகோல் வேண்டுவதில்லை. தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து, முதலில் மெழுகாலேயே முழு உருவத்தையும் சமைப்பர். அதன்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணை மெல்லிதாகப் பூசி உலர்த்துவர். பிறகு மேலும் மேலும் கனமான மண் பூச்சு. நெருப்பிலிட்டதும் மெழுகு உருகி வெளியேற, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகக் குழம்பை வார்ப்பர். ஆறியபின் மண்ணச்சை உடைத்தாலன்றித் திருமேனி வெளிப்படாது. ஆதலின் ஓரச்சில் ஒரு படிமமே பிறக்கும். அதைப் போன்ற மற்றொன்று வேண்டுமாயின் மீண்டும் மெழுகிலிருந்தே தொடங்கல் வேண்டும். 2023-இல் புதுதில்லி பாரத மண்டபத்தில் நிறுவப்பட்ட 27 அடி உயர நடராசரும் சுவாமிமலையில் இம்முறையிலேயே வார்க்கப்பட்டார்.

நாச்சியார்கோயில் விளக்கின் சிறப்பு வேறுவகையானது. பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அமரும் அன்னம் ஆகியவற்றைத் தனித்தனியே வார்த்துக் கடைந்து, மரையிட்டுப் பூட்டுவர். கழற்றி மாட்டத்தக்க இவ்வமைப்பே அதனைக் கடல்கடக்கச் செய்தது என்பது என் துணிபு. தகரப் பெட்டியின் ஓரத்தில் வேட்டிக்கும் சேலைக்கும் இடையே நான்கு துண்டுகளாய் வைத்தால் ஆளுயர விளக்கும் அடங்கிவிடும். சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் அவ்வாறு வந்திறங்கிய விளக்குகள் எத்தனையோ! தஞ்சை மாவட்டத்தார் பலருக்கு ஊர்நினைவென்று கையிலிருந்தது அஃதொன்றே. வெள்ளிக்கிழமைதோறும் புளியிட்டுத் துலக்கப்பெற்ற அவ்விளக்கை அலங்காரப் பொருளாக அந்நாளில் எவரும் கருதியதில்லை.

கால்நடைத் தொழிலால் வளர்ந்த சிராங்கூன் வட்டாரத்தில் மாட்டுக்கொட்டில்கள் மறைய மறைய, மளிகைக் கடைகளும் துணிக்கடைகளும் பாத்திரக் கடைகளும் பெருகின. 1989-இல் அவ்வட்டாரம் மரபுப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டபின் சுற்றுப்பயணிகளின் வருகையும் மிகுந்தது. இதனால் ஒரு மாற்றம் நேர்ந்தது. யாத்திரை போய் வந்தவர் கொணர்ந்த பொருளை, யாத்திரை போகாமலே வாங்கலாயிற்று. இதனைக் குறையென்று கூறேன். வயது முதிர்ந்தோர்க்கு இதுவும் ஒரு வசதியே. ஆனால் நாச்சியார்கோயில் விளக்கும், வடநாட்டு மொரதாபாத் பித்தளையும், எங்கோ ஆலையில் ஆயிரக்கணக்கில் அச்சிட்ட பிள்ளையாரும் ஒரே அலமாரியில் நிற்குமாயின், வாங்குவோர் விலையைக் கேட்பரேயன்றி ஊரைக் கேளார். நாச்சியார்கோயில் விளக்குக்கும் சுவாமிமலைப் படிமத்துக்கும் இந்திய அரசு புவிசார் குறியீடு வழங்கியுள்ளது. ஊரைக் கேளாதவர்க்கு அக்குறியீட்டால் யாது பயன்?

இனி முன்னர்ச் சொன்ன செய்திக்கு வருவோம். நம் ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007-ஆம் ஆண்டு, 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்து உமா பரமேசுவரி செப்புத் திருமேனியை நியூயார்க்கு வணிக நிறுவனம் ஒன்றிடமிருந்து 6,50,000 அமெரிக்க வெள்ளிக்கு வாங்கியது. அந்நிறுவனத்தின் உரிமையாளர் சுபாசு கபூர். திருமேனி தமிழகத்து அரியலூர்ப் பகுதிக் கோயிலிலிருந்து களவுபோனது எனப் பின்னர்த் தெரியவந்தது. 2015-இல் சிங்கப்பூர் அதனை இந்தியாவுக்கே திருப்பியளித்தது. அது செய்தற்குரிய செயலே. எனினும் அறிஞர் நிறைந்த ஓர் அரும்பொருளகத்துக்கே பொய்யான பூர்வீகம் காட்டி விற்க இயலுமாயின், கடைத்தெருவில் நிற்கும் தனிமனிதர் எம்மாத்திரம்?

சுவாமிமலைத் தபதி விற்பனைக்கென்றே வார்த்த படிமம் வேறு. ஊரார் வழிபாட்டுக்கென நிலைபெற்ற திருமேனி வேறு. முன்னது கைத்தொழிலின் விளைவு. வாங்குவோர் உண்டாயின்தான் அத்தொழில் வாழும். பின்னது எவ்விலைக்கும் உரியதன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட படிமத்தைத் தனியார் நாடுகடத்துதலை இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கின்றது. புதிய படிமமே ஆயினும், அது தொல்பொருளன்று என்று தொல்லியல் துறையினரிடம் சான்றிதழ் பெற்றுக் கொணர்தலே ஏற்றது. விடுமுறையில் தமிழகம் செல்லும் நம் ஆசிரியர்கள் இதனை நினைவிற்கொள்வது நலம். விமான நிலையத்தில் விளக்கம் கூறி நிற்கும் துன்பமும் இராது.

சுபாசு கபூர் 2011-இல் செருமனியில் பிடிபட்டு, மறு ஆண்டு தமிழகத்துக்குக் கொண்டுவரப்பட்டார். உடையார்பாளையம் கோயிற் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை விதித்தது கும்பகோணத்து நீதிமன்றம்.